நான்கு லட்சம் யார் போட்ட கணக்கு? மலை மாவட்ட வாசகர்களின் கேள்விகள்

மண் சரிவில் போகும் உயிருக்குப் பணமதிப்பு போடலாமா, போட்டால் எப்படி, அந்தப் பணம் குடும்பத்துக்கு எந்த வழியாக வரும் என்று நீலகிரியிலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

மழை வெள்ளத்தில், மண் சரிவில் ஒருவர் இறந்தால் உடனே 4 லட்சம் என்று அறிவிக்கிறார்கள். மனித உயிர் 4 லட்சம்தான் பெறும் என்று யார் முடிவு செய்தது?
வாசகி, கோத்தகிரி

யாரும் முடிவு செய்யவில்லை, அம்மா. அது உயிரின் விலையே இல்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் முதலில் வருவது உயிரிழப்பு. 2015 வரை ஒன்றரை லட்சம். அந்த ஆண்டில் 4 லட்சம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு.

பச்சைக் குழந்தையானாலும் எண்பது வயதுப் பாட்டியானாலும், எஸ்டேட் முதலாளியானாலும் கொழுந்து பறிப்பவரானாலும் ஒரே தொகை என்பது இதன் நல்ல பக்கம். வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். துக்க வீட்டில் அடுத்த சில மாதம் அடுப்பெரிய வேண்டும் என்பதற்கான கைகொடுப்பு அது. அதனால்தான் சட்டம் அதைக் கருணைத் தொகை என்கிறது, இழப்பீடு என்று சொல்வதில்லை.

குறையும் உண்டு. 2022–26 ஆண்டுகளுக்கான பட்டியலில் மலைப்பகுதியில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 1,01,900 ரூபாயாக இருந்தது 1,30,000 ஆனது. கறவை மாட்டுக்கு 30,000 என்பது 37,500 ஆனது. கை, கால் அல்லது பார்வை 40 முதல் 60 சதவீதம் வரை போனவர்களுக்கு 59,100 என்பது 74,000 ஆனது. உயிரிழப்புக்கான 4 லட்சம் மட்டும் நகராமல் அங்கேயே நின்றது. மாட்டுக்கு விலைவாசியைப் பார்த்தவர்கள் மனிதருக்கும் பார்த்திருக்க வேண்டும்.

என் அக்கா எஸ்டேட்டில் வேலை செய்கிறார், எஸ்டேட் நிர்வாகம் கொடுத்த லைன் வீட்டில் குடியிருக்கிறார். சாலை விபத்தில் இறந்தால் நீதிமன்றம் இருபது, முப்பது லட்சம் கொடுக்கிறது என்கிறார்கள். அதே ஆள் மண் சரிவில் இறந்தால் ஏன் நாலு லட்சம்?
வாசகர், குன்னூர்

ஒரே ஆளை வைத்து மூன்று கணக்கும் போட்டுப் பார்ப்போம். வயது 35, மாதச் சம்பளம் 12,000 ரூபாய், அவரை நம்பி வீட்டில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாலை விபத்து என்றால், 2009 சரளா வர்மா வழக்கிலும் 2017 பிரணய் சேத்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை. நிரந்தர வேலை இல்லாத, நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்; 12,000 என்பது 16,800 ஆகும். அவர் தனக்கென்று செலவழித்திருக்கக் கூடியது என்று கால் பங்கு கழியும், மிச்சம் 12,600. ஆண்டுக்கு 1,51,200. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16. ஆக 24,19,200 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை தனி.

வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக நேர்ந்த மரணம் என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு. சம்பளத்தில் பாதியான 6,000 ரூபாயை 35 வயதுக்குரிய காரணி எண் 197.06-ஆல் பெருக்கினால் 11,82,360 ரூபாய். இந்தக் கணக்குக்கு மாதச் சம்பளம் 15,000-க்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, மண் சரிவுக்கான 4 லட்சம்.

ஆள் ஒருவர்தான். தொகை மூன்றாகப் பிரிவதற்குக் காரணம், முதல் இரண்டிலும் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார்: வண்டிக்காரரின் காப்பீட்டு நிறுவனம், அல்லது முதலாளி. மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதனால் அரசின் கருணைத் தொகையோடு நின்றுவிடுகிறது.

லைன் வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 16ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். குடியிருந்தவரின் தவறு மட்டுமே நேரடிக் காரணம் என்றாலோ, இயற்கைச் சீற்றம் மட்டுமே நேரடிக் காரணம் என்றாலோ தர வேண்டியதில்லை. 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக அமலுக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது. வழக்கு வந்தால் “மழைதானே காரணம்” என்ற வாதம் முதலில் வரும். அதற்குப் பதில் சொல்லக்கூடியது மழைக்கு முன்பே எழுதி வைத்த காகிதம்தான். சுவரில் விரிசல், வீட்டின் பின்னால் அடைத்துக்கிடக்கும் வடிகால், மேல்சரிவில் ஜே.சி.பி. வைத்து வெட்டிய மண் – இவற்றைத் தேதி போட்டு நிர்வாகத்துக்கு எழுதி, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வையுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால். ஒரு நகல் தோட்ட ஆய்வாளருக்கும் போகட்டும். விரிசலைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு அளவுகோலை ஒட்டி வைத்து எடுங்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு விரிந்தது என்பது தெரியும். வெறும் விரிசல் படத்தால் இதை நிரூபிக்க முடியாது.

யாரோ ஒருவருடைய அலட்சியம்தான் சரிவுக்குக் காரணம் என்று காட்ட முடிந்தால் வேறு இரண்டு வழிகளும் உண்டு. 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சுற்றுச்சூழல் விதியை மீறியதால் நேர்ந்தது என்றால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் இழப்பீடு கேட்கலாம். அதற்கு 5 ஆண்டு அவகாசம்.

என் மாமியாருக்கு 72 வயது. அம்மா வீட்டோடு இருப்பவர், சம்பளம் கிடையாது. வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இவர்கள் உயிருக்கு மதிப்பே வராதே?
வாசகி, ஊட்டி

வருமானக் கணக்கின் பெரிய ஓட்டை அதுதான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு நீதிமன்றப் பெருக்கும் எண் வெறும் 5. சம்பளம் இல்லாதவருக்குப் பெருக்குவதற்கே எண் இல்லை. வீட்டோடு இருக்கும் பெண்களுக்காவது நீதிமன்றங்கள் வழி கண்டிருக்கின்றன: சமையல், குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு, வயல் வேலை எல்லாவற்றையும் வேலை என்றே கருதி ஒரு மாத வருமானத்தை நிர்ணயிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் லதா வத்வா வழக்கிலும், 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கிலும் சொன்னது.

முதியோர் விஷயத்தில் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. காற்று மாசைக் குறைக்கும் திட்டம் ஒன்றின் பயனைக் கணக்கிட்டபோது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 70 வயதைத் தாண்டியவர்களின் உயிருக்கு 37 சதவீதம் குறைத்து மதிப்புப் போட்டது. முதியோர் அமைப்புகள் கொதித்தெழுந்தன. 2003-இல் அந்த முறையையே கைவிட்டார்கள். தடுப்புத் திட்டத்துக்குக் கணக்குப் போடும்போது வயது பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்பதே நியாயம். உங்கள் ஊர்க் கூட்டத்தில் யாராவது “கிழங்கட்டைகள்தானே அந்தப் பக்கம் இருக்கு” என்று பேசினால் அங்கேயே நிறுத்துங்கள்.

யானை மிதித்து இறந்தால் 10 லட்சம், மண் சரிந்து இறந்தால் 4 லட்சம். ஏன்?
வாசகர், கூடலூர்

பணம் வரும் பெட்டி வேறு, பட்டியல் போட்ட அமைச்சகமும் வேறு. வனவிலங்கால் நேரும் மரணத்துக்கான தொகையை மத்தியச் சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தியது. ரயில் விபத்துக்கு 2017 முதல் 8 லட்சம். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் 2022 முதல் 2 லட்சம். கொரோனா மரணத்துக்கு உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021-இல் 50,000 என்று முடிவானது. செத்த காரணத்தைப் பொறுத்து அதே குடும்பத்துக்கு 50,000 முதல் 10 லட்சம் வரை. இந்த வித்தியாசத்துக்கு எந்தப் பொருளாதாரத் தத்துவமும் கிடையாது. ஒவ்வொரு துறையும் தனித்தனி நேரத்தில், தனித்தனி நெருக்கடியில் ஒரு எண்ணை எழுதியது, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் ஒரே தொகை என்று கொண்டுவருவதில் எந்தச் சிரமமும் இல்லை. கேட்கத்தான் ஆள் வேண்டும்.

எங்கள் ஊரில் 24 வீடுகளுக்கு மேலே சரிவு இருக்கிறது. தடுப்புச் சுவருக்கு ஒன்றரைக் கோடி மதிப்பீடு. “இத்தனை பேருக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகாது” என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது. கட்டுப்படியாகுமா, ஆகாதா என்பதை நாங்களே கணக்குப் போட முடியுமா?
உள்ளாட்சி உறுப்பினர், கேத்தி பக்கம்

கண்டிப்பாக முடியும். உயிருக்கு மதிப்புப் போடுவது உண்மையில் இந்த இடத்துக்குத்தான் தேவை. இறந்த பிறகு கொடுப்பதற்கு அல்ல; இறக்காமல் இருக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு. உங்கள் மதிப்பீட்டில் உயிருக்கு எந்தத் தொகை போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். 4 லட்சம் போட்டிருந்தால் கோப்பு ஏன் திரும்பியது என்பது அங்கேயே விளங்கிவிடும்.

முதலில் சரிவு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? மாவட்டத்தின் பெரிய மழைகளை ஊர்ப் பெரியவர்களிடம் ஒன்றொன்றாகச் சொல்லிக் கேளுங்கள்: 1978 நவம்பர், மரப்பாலத்தில் சாலையை அடித்துப்போன 1993 நவம்பர், 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த 2009 நவம்பர், அதில் உங்கள் கேத்தியிலேயே ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது, அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கு மேல் கொட்டிய 2019 ஆகஸ்ட். இவற்றில் எந்த மழைக்கு உங்கள் சரிவு அசைந்தது? 50 ஆண்டில் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 2 சதவீத வாய்ப்பு. மேலே புதிதாக மண் வெட்டியிருந்தால், காட்டை அழித்துக் காய்கறி போட்டிருந்தால், பழைய கணக்கு செல்லாது. வாய்ப்பைக் கூட்ட வேண்டும்.

அடுத்து, சரிந்தால் எத்தனை பேர் போவார்கள்? 24 வீட்டில் 100 பேர் என்றால் மண் வரும் பாதையில் இருப்பவர்கள் 40 பேர் என்று வைப்போம். எந்த நேரத்திலும் பாதிப் பேர் வீட்டில் இருப்பார்கள்: 20. மண் மூடியவர்களில் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள்: 10. ராத்திரி மழை என்றால் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். ஆகவே இந்த 10 குறைந்தபட்சக் கணக்கே. 2 சதவீதத்தை 10-ஆல் பெருக்கினால் சராசரியாக ஆண்டுக்கு 0.2 உயிர். சுவர் அபாயத்தில் 80 சதவீதத்தைத் தடுக்கும் என்று பொறியாளர் சொன்னால் காப்பாற்றப்படுவது ஆண்டுக்கு 0.16 உயிர்.

வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 வீடு போகும், திரும்பக் கட்ட வீட்டுக்கு 8 லட்சம் என்றால், 80 லட்சத்தில் 2 சதவீதம், அதில் 80 சதவீதம்: ஆண்டுக்கு 1.28 லட்சம்.

இப்போது உயிருக்கு எண் போட வேண்டும். 4 லட்சம் போட்டால் 0.16 உயிருக்கு ஆண்டுக்கு 64,000 ரூபாய். வீட்டுக் கணக்கோடு சேர்த்து 1.92 லட்சம். சுவரின் ஆயுள் 30 ஆண்டு, வட்டிக் கழிவு (வருங்காலப் பயனை இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஆண்டுதோறும் கழிக்கும் விகிதம்) 8 சதவீதம் என்றால் ஆண்டுப் பயனைப் பெருக்க வேண்டிய எண் 11.26. மொத்தப் பயன் 21.6 லட்சம். செலவு 150 லட்சம். கோப்பு திரும்பிவிடும்.

தடுப்புத் திட்டத்துக்குப் போட வேண்டிய எண் வேறு. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில், சாகும் அபாயம் லட்சத்தில் ஒன்று குறைய ஒவ்வொருவரும் 100 ரூபாய் கொடுக்கத் தயார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேரும் பணம் ஒரு கோடி. தடுக்கப்படும் சாவு ஒன்று. இந்த ஒரு கோடியைப் பொருளாதார அறிஞர்கள் புள்ளியியல் உயிர்மதிப்பு என்கிறார்கள். இன்னார் உயிர் என்று பெயர் சொல்லிப் போட்ட விலை இல்லை இது. எல்லோரும் சேர்ந்து அபாயத்தைக் குறைக்கக் கொடுக்கத் தயாரான தொகை. தாமஸ் ஷெல்லிங் 1968-இல் எழுதிய கட்டுரையிலிருந்து இந்தச் சிந்தனை பரவியது. அபாயமான வேலைக்கு எவ்வளவு கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று சென்னை, மும்பைத் தொழிலாளர்களை ஆராய்ந்து இங்கேயும் மதிப்பிட்டிருக்கிறார்கள். வந்த எண்கள் ஒரு கோடிக்கு மேல்.

ஒரு கோடியே போடுவோம். 0.16 உயிருக்கு ஆண்டுக்கு 16 லட்சம். வீடுகளோடு 17.28 லட்சம். 11.26-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 கோடியே 95 லட்சம். ஒன்றரைக் கோடிச் சுவர் தாராளமாகக் கட்டுப்படியாகிறது. மண், மழை, வீடு, ஆள் எதுவும் மாறவில்லை. நிவாரணத் தொகையை எடுத்துத் தடுப்புக் கணக்கில் போட்ட தவறு மட்டும் நீங்கியிருக்கிறது.

இன்னொரு இடத்திலும் கோப்பு விழும். வட்டிக் கழிவை 12 சதவீதம் என்று போட்டால் பெருக்கும் எண் 8.06 ஆகச் சுருங்கும். பயன் 1 கோடியே 39 லட்சம். சுவர் மறுபடியும் கட்டுப்படியாகாது. மதிப்பீட்டுத் தாளில் இந்தச் சதவீதம் பெரும்பாலும் அடிக்குறிப்பில் இருக்கும். தேடிப் பாருங்கள்.

உயிருக்கு எண் போடவே மனம் ஒப்பவில்லை என்றால் கணக்கைத் திருப்பிப் போடலாம். 30 ஆண்டில் காப்பாற்றப்படுவது 4.8 உயிர். 150 லட்சத்தை அதால் வகுத்தால் ஓர் உயிருக்கு 31.25 லட்சம். இதைக் கூட்டத்தில் வைத்து, “31 லட்சத்தில் ஓர் உயிர் பிழைக்கும், செய்யலாமா வேண்டாமா?” என்று நேராகக் கேளுங்கள். ஒரு சாலை விபத்துக்கு நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் தொகையோடு இது ஒட்டி வருகிறது என்பதையும் சொல்லுங்கள்.

சுவர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மழைமானி, சைரன், மேட்டில் தங்க ஒரு சமுதாயக் கூடம் – தொடக்கச் செலவு 5 லட்சம், ஆண்டுப் பராமரிப்பு 1 லட்சம் என்று வைத்தால் 30 ஆண்டுக்கு இன்றைய மதிப்பில் 16.3 லட்சம். சைரன் கேட்டு மக்கள் கிளம்பினால் பாதிச் சாவு குறையும், அதாவது 30 ஆண்டில் 3 உயிர். உயிருக்கு ஐந்தரை லட்சம்கூட ஆகவில்லை. முதலில் இதைச் செய்யுங்கள், பிறகு சுவர். சைரனில் கெடுவது இரண்டு இடம்: மின்சாரம் போனால் பேட்டரி இருக்காது, இரண்டு முறை வீணாக ஊதிவிட்டால் மூன்றாம் முறை யாரும் எழுந்து வர மாட்டார்கள். ஆகவே மழைமானியை வாசிக்கும் ஆள் யார், எத்தனை மி.மீ. பெய்தால் ஊதுவது என்பதை முன்பே எழுதி ஒட்டி வையுங்கள்.

சுவரிலும் ஒரு விஷயம். மலையில் சுவரைத் தள்ளுவது மண் மட்டும் அல்ல, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர். வடிகுழாய் முன்பக்கம் அழகாகத் தெரியும். பின்னால் ஓரடி கனத்துக்கு ஜல்லி போடாமல் நேரடியாக மண்ணைத் தள்ளியிருப்பார்கள். இரண்டு மழையில் குழாய் அடைத்துவிடும், மூன்றாம் மழையில் சுவர் முன்னால் சாயும். மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்; குழாயில் தண்ணீர் சொட்டவில்லை என்றால் அபாயம் என்று அர்த்தம். அபாயத்தில் 80 சதவீதத்தைத் தடுக்கும் என்று போட்ட எண் அந்த ஜல்லியை நம்பித்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஓர் உயிருக்கு 100 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புப் போடுகிறார்களாமே? நம் உயிர் மட்டமா?
கல்லூரி மாணவர், குன்னூர்

அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை 2023-க்கு வைத்திருந்த எண் 132 லட்சம் டாலர். நூறு கோடியைத் தாண்டுவது உண்மை. அபாயத்தைக் குறைக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டால் கையில் உள்ளவர் அதிகம் சொல்வார், இல்லாதவர் குறைத்துச் சொல்வார். எண் அளப்பது பாதி உயிரை, பாதி பணப்பையை. 1995-இல் பருவநிலை பற்றிய ஐ.நா. குழுவின் அறிக்கையில் பணக்கார நாட்டு உயிருக்கு ஏழை நாட்டு உயிரைவிடப் பல மடங்கு மதிப்புப் போட்டு எழுதியபோது இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஒரு மாநிலத்துக்குள்ளாவது ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) ஒன்று, நகரத்துக்கு ஒன்று என்று வைக்காமல் ஒரே எண்ணை வைக்க வேண்டும்.

2024 ஜூலையில் கேரளத்தின் வயநாட்டில் நடந்த சூரல்மலை நிலச்சரிவில் எங்கள் உறவினர் காணாமல் போனார், உடல் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றுக்கு 7 ஆண்டு காத்திருக்க வேண்டுமா?
வாசகர், பந்தலூர்

வேண்டாம். ஒருவரைப் பற்றி 7 ஆண்டு தகவல் இல்லாவிட்டால் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி (இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 111-ஆம் பிரிவு). பேரிடருக்கு அது பொருந்தாது. 2004 சுனாமிக்கும் 2013 கேதார்நாத் வெள்ளத்துக்கும் தனி நடைமுறை வகுத்தார்கள்: காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார், அன்று அவர் அந்த இடத்தில்தான் இருந்தார் என்பதற்கு விசாரணை, பத்திரிகையிலும் அரசிதழிலும் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு 30 நாள், பிறகு சான்று. வயநாட்டில் காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கொள்ளக் கேரள அரசு 2025 ஜனவரியில் முடிவெடுத்தது.

சான்று கொடுப்பது சம்பவம் நடந்த இடத்து நிர்வாகம், பந்தலூர் அல்ல. உங்கள் புகார் மேப்பாடி காவல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, உறவினர் பெயர் அங்குள்ள காணாமல் போனோர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் அங்கே இருந்தார் என்பதற்கு எஸ்டேட் வருகைப் பதிவேடு, கடைசி தொலைபேசி அழைப்பு விவரம், அங்குள்ள ரேஷன் கடைப் பதிவு உதவும். சாலியாற்றில் அடித்துக்கொண்டு போய் நிலம்பூர் பக்கம் கிடைத்த உடல்கள் பல. மரபணுச் சோதனைக்கு ரத்த மாதிரி கொடுக்கவில்லை என்றால் இப்போதாவது கேளுங்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கொடுக்க வேண்டும். கணவனோ மனைவியோ கொடுத்தால் பொருத்திப் பார்க்க முடியாது.

பணம் வராமல் போவதற்கு முக்கியமான காரணங்கள் என்ன? முன்பே என்ன செய்து வைக்கலாம்?
வாசகி, மஞ்சூர்

பெரும்பாலும் சடலப் பரிசோதனை இல்லாமல் அடக்கம் செய்துவிடுவதுதான். சாலை அடைபட்டிருக்கும், மழை நிற்காது, உடலை வைத்துக்கொண்டு இருக்க முடியாது; அந்த அவசரம் புரிகிறது. ஆனால் எதனால் இறந்தார் என்ற சான்று இல்லாமல் 4 லட்சம் கிடைக்காது. குறைந்தபட்சம் வி.ஏ.ஓ.வையும் காவல் நிலையத்தையும் அழைத்து விசாரணை அறிக்கை எழுதிய பிறகே அடக்கம் செய்யுங்கள். முதல் தகவல் அறிக்கையில் “சுவர் இடிந்து இறந்தார்” என்று மட்டும் எழுதினால் போதாது. “தொடர் மழையில் மண் சரிந்து சுவர் இடிந்து” என்று காரணமும் சேர்ந்து வர வேண்டும். கையெழுத்துப் போடுமுன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஒரு வருடம் தாண்டினால் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் பதியாது.

அடுத்து பெயர். ஆதாரில் மாரியம்மாள், ரேஷன் அட்டையில் மாரியம்மா, வங்கியில் எம். மாரி. வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் அலுவலகம் போகும்போது இந்த மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபிப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடும். உயிரோடு இருக்கும்போது திருத்துவது ஓர் அரை நாள் வேலை.

காப்பீடு தனி, அது வந்தால் கருணைத் தொகை குறையாது. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் 18 முதல் 70 வயது வரை. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். இயற்கைப் பேரிடர் மரணமும் அதில் அடங்கும். 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி திட்டத்தில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம்; 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் மே மாதக் கடைசியில் பணம் பிடிப்பார்கள். அன்று கணக்கில் இருப்பு இல்லை என்றால் ஜூன் முதல் காப்பீடு இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் அதே ஜூனில்தான். ஜூன் முதல் வாரத்தில் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள்.

பி.எஃப். பிடிக்கும் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு இன்னொன்று உண்டு, பலர் கேட்பதே இல்லை: பணியில் இருக்கும்போது இறந்தால் வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் 7 லட்சம் வரை. அதற்குப் படிவம் 5ஐஎஃப், சேமிப்புக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்குப் படிவம் 10டி. மூன்றையும் ஒன்றாகவே கொடுக்கலாம். நியமனதாரராகக் கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயரே இருந்தால் மனைவி, பிள்ளைகள் பெயருக்கு மாற்றுங்கள்.

இந்தக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டு, சரிவு இல்லாத ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு செட் வையுங்கள். அசல் இருக்கும் பீரோ சரிவுக்குக் கீழே உள்ள உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077; அதை உறையின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.